படப்புள்ளியிலிருந்து பாகைக்கு

வங்கக் கடலில் புயல் உருவாகும் நாட்களில் வானிலைத் துறை வெளியிடும் செயற்கைக்கோள் படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சுழல் ஒன்று தெரியும். அதனடியில், “புயலின் மையம் இத்தனை பாகை வடக்கு அட்சரேகை, இத்தனை பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிலைகொண்டுள்ளது” என்ற செய்தி இருக்கும். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? படத்தை எடுத்த கருவிக்கு நாகப்பட்டினம் எது, மசூலிப்பட்டினம் எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வரிசை வரிசையாக அடுக்கிய புள்ளிகளும், ஒவ்வொரு புள்ளியின் ஒளிச்செறிவும்தான். ‘மேலிருந்து 700-ஆவது வரிசை, இடமிருந்து 900-ஆவது புள்ளி’ என்ற செய்தியை ‘10.5° வடக்கு, 80.5° கிழக்கு’ என்பது போன்ற செய்தியாக மாற்றுவதற்கு ஒரு கணக்கு தேவை.

அந்தக் கணக்கு பிழைத்தால் என்ன ஆகும்? 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. இவ்விரு ஊர்களுக்கும் இடையே அட்சரேகையில் உள்ள வேறுபாடு 0.4 பாகைதான். அரைப் பாகை பிழை நேர்ந்தால்கூட எச்சரிக்கை வேறு ஊர்களுக்குப் போய்விடும். வெளியேற வேண்டியவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். ஆகவே இந்தக் கணக்கைக் கவனமாகக் கற்பது பயனுள்ளது. இதற்கு வேண்டிய கணிதத்தில் பெரும்பகுதி பத்தாம் வகுப்பு மாணவருக்குத் தெரிந்ததே.

படமும் புள்ளிகளும்

கணிப்பொறித் திரையில் தெரியும் எந்தப் படமும் மிகச் சிறிய சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரமும் ஒரு படப்புள்ளி ஆகும். ‘பிக்சல்’ என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். சதுரக் கட்டத்தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வண்ணம் தீட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள், அதுவே படம்.

ஒரு புள்ளியின் இடத்தைக் குறிக்க இரண்டு எண்கள் போதும். இடது விளிம்பிலிருந்து வலப்புறமாக எண்ணுவது நிரல் எண். மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணுவது நிரை எண். இங்கே இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, எண்ணிக்கை 1-இல் அன்று, 0-இல் தொடங்குகிறது. இடது மேல் மூலையிலுள்ள புள்ளி நிரல் 0, நிரை 0 ஆகும். 1000 புள்ளி அகலமுள்ள படத்தில் கடைசி நிரலின் எண் 999.

இரண்டாவது, நிரை எண் கீழ்நோக்கி வளர்கிறது. அட்சரேகையோ இந்தியா போன்ற வட அரைக்கோள நாடுகளில் மேல்நோக்கி வளர்கிறது. எனவே ஒன்று கூடும்போது மற்றது குறையும். கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மறந்தால் வடக்கு தெற்காகிவிடும். முதன்முதலாக இக்கணக்கைச் செய்பவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுவர்.

பாகையின் நீளம் எவ்வளவு?

அட்சரேகை என்பது பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணத் தொலைவு. தீர்க்கரேகை என்பது கிரீனிச் வழியாகச் செல்லும் கோட்டிலிருந்து கிழக்கே அல்லது மேற்கே உள்ள கோணத் தொலைவு. தெற்கையும் மேற்கையும் கழித்தல் குறியுடன் எழுதுவது வழக்கம்.

பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. இதை 360-ஆல் வகுத்தால், அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கி.மீ. ஆகும். இது எங்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான். தீர்க்கரேகையின் கதை வேறு. தீர்க்கரேகைக் கோடுகள் துருவங்களை நெருங்க நெருங்க ஒன்றையொன்று நெருங்கி, துருவத்தில் ஒரே புள்ளியில் கூடுகின்றன. ஆகவே தீர்க்கரேகையில் ஒரு பாகையின் நீளம், 111 கி.மீ.யை அந்த இடத்தின் அட்சரேகைக் கொசைனால் பெருக்கினால் கிடைக்கும். 11° அட்சரேகையில் கொசைன் மதிப்பு 0.98, எனவே நீளம் 109 கி.மீ. 60° அட்சரேகையில் கொசைன் மதிப்பு 0.5, அங்கே நீளம் 55.5 கி.மீ. மட்டுமே. இந்தக் கொசைன் பின்னர் ஒருமுறை நம்முன் வரும்.

மிக எளிய படம்

தமிழ்நாட்டைக் காட்டும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இடது விளிம்பு 76° கிழக்கு. வலது விளிம்பு 81° கிழக்கு. மேல் விளிம்பு 14° வடக்கு. கீழ் விளிம்பு 8° வடக்கு. படத்தின் அகலம் 1000 புள்ளிகள். உயரம் 1200 புள்ளிகள். பாகைக் கோடுகள் யாவும் சம இடைவெளியில் நேர்க்கோடுகளாக அமைந்துள்ளன என்றும் கொள்வோம்.

5 பாகையை 1000 புள்ளிகள் காட்டுகின்றன. எனவே ஒரு புள்ளியின் அகலம் 0.005 பாகை. அதேபோல் 6 பாகையை 1200 புள்ளிகள் காட்டுவதால் உயரமும் 0.005 பாகையே. ஆகவே,

தீர்க்கரேகை = 76 + (நிரல் எண் × 0.005)
அட்சரேகை = 14 – (நிரை எண் × 0.005)

படத்தில் நிரல் 855, நிரை 185 என்ற இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது. அது எந்த இடம்?

தீர்க்கரேகை = 76 + 855 × 0.005 = 76 + 4.275 = 80.275°
அட்சரேகை = 14 – 185 × 0.005 = 14 – 0.925 = 13.075°

நிலநூல் படத்தை எடுத்துப் பாருங்கள். அது சென்னை.

இக்கணக்கைத் திருப்பியும் செய்யலாம். மதுரை 9.92° வடக்கு, 78.12° கிழக்கில் உள்ளது. படத்தில் அதை எங்கே குறிப்பது?

நிரல் = (78.12 – 76) ÷ 0.005 = 424
நிரை = (14 – 9.92) ÷ 0.005 = 816

இரண்டு ஊர்களின் பாகைகள் தெரிந்தால் அவற்றுக்கு இடையே உள்ள தொலைவையும் காணலாம். சென்னைக்கு 13.08°, 80.27° என்று வைத்துக்கொண்டால் அட்சரேகை வேறுபாடு 3.16°, இது 351 கி.மீ. தீர்க்கரேகை வேறுபாடு 2.15°. இடைப்பட்ட அட்சரேகை 11.5°, அதன் கொசைன் 0.98. எனவே 2.15 × 111 × 0.98 = 234 கி.மீ. பிதாகரஸ் தேற்றப்படி, 351, 234 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 422 கி.மீ. கிடைக்கும். இது பறவை பறக்கும் தொலைவு. சாலை வழியாகப் போனால் இன்னும் அதிகம்.

புள்ளியின் எந்தப் பகுதி?

கூர்ந்து பார்க்கும் மாணவர் ஒருவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். “புள்ளி என்பது சிறு சதுரம் என்றீர்களே, நாம் கண்ட விடை அச்சதுரத்தின் எந்த இடத்துக்கு உரியது?” மேலே உள்ள சமன்பாடு சதுரத்தின் இடது மேல் மூலையைத் தருகிறது. நடுப்பகுதி வேண்டுமானால் நிரல் எண்ணோடும் நிரை எண்ணோடும் 0.5 கூட்டிக்கொள்ள வேண்டும். நம் படத்தில் அரைப்புள்ளி என்பது 0.0025 பாகை, அதாவது ஏறத்தாழ 280 மீட்டர். புயலுக்கு இது பொருட்டன்று. ஒரு கிணற்றையோ கோயிலையோ தேடுபவருக்கு இது பெரிய தொலைவு.

இதிலிருந்து இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கற்ற பாடம் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். அளவுகோலின் மிகச்சிறு அளவைவிடத் துல்லியமாக அதைக் கொண்டு அளக்க முடியாது. நம் படத்தின் ஒரு புள்ளி தரையில் 555 மீட்டர் உயரமுள்ளது. கணிப்பான் 13.0750000 என்று ஏழு இலக்கம் காட்டினாலும், அவற்றுள் முதல் இரண்டு பதின்ம இலக்கங்களுக்கே பொருள் உண்டு. மற்றவை வெறும் அலங்காரம்.

படம் சாய்ந்திருந்தால்

விளிம்புகளில் பாகை எழுதிய நேரான படம் எப்போதும் கிடைப்பதில்லை. பழைய நிலப்படம் ஒன்றை ஒளிநகல் கருவியில் வைத்தோ, கைப்பேசியால் படமெடுத்தோ கணிப்பொறிக்குள் கொண்டுவரும்போது அது சற்றே சாய்ந்திருக்கும். அப்போது என்ன செய்வது?

படத்தில் பாகை தெரிந்த இடங்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் என்பர். அட்சரேகைக் கோடும் தீர்க்கரேகைக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஒரு சாய்ந்த படத்தில் இத்தகைய மூன்று இடங்களை அளந்ததாகக் கொள்வோம்.

முதல் இடம்: 78° கிழக்கு, 12° வடக்கு. நிரல் 400, நிரை 300.
இரண்டாம் இடம்: 80° கிழக்கு, 12° வடக்கு. நிரல் 800, நிரை 330.
மூன்றாம் இடம்: 78° கிழக்கு, 10° வடக்கு. நிரல் 370, நிரை 700.

முதல் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்குப் போகும்போது 2 பாகை கிழக்கே நகர்கிறோம். நிரல் 400 கூடுகிறது. நிரை 30 கூடுகிறது. ஆகவே ஒரு பாகை கிழக்கே போனால் நிரல் 200-உம் நிரை 15-உம் கூடும். முதல் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்குப் போகும்போது 2 பாகை தெற்கே நகர்கிறோம். நிரல் 30 குறைகிறது. நிரை 400 கூடுகிறது. ஆகவே ஒரு பாகை தெற்கே போனால் நிரல் 15 குறையும். நிரை 200 கூடும்.

இப்போது நிரல் 750, நிரை 574 என்ற புள்ளியின் இடத்தைக் காண்போம். முதல் இடத்திலிருந்து இது நிரலில் 350, நிரையில் 274 தள்ளியிருக்கிறது. இப்புள்ளி முதல் இடத்துக்கு ‘க’ பாகை கிழக்கிலும் ‘த’ பாகை தெற்கிலும் உள்ளதென்று கொண்டால்,

200 க – 15 த = 350
15 க + 200 த = 274

இவை ஒருங்கமை சமன்பாடுகள். முதல் சமன்பாட்டை 200-ஆலும் இரண்டாவதை 15-ஆலும் பெருக்கிக் கூட்டினால் ‘த’ நீங்கிவிடும்.

40,225 க = 74,110
க = 1.842

இதை இரண்டாவது சமன்பாட்டில் இட்டால் த = 1.232 என்று கிடைக்கும். எனவே தீர்க்கரேகை 78 + 1.842 = 79.842°. அட்சரேகை 12 – 1.232 = 10.768°. அந்த இடம் நாகப்பட்டினம்.

சாய்வைப் பொருட்படுத்தாமல், 200 புள்ளிக்கு ஒரு பாகை என்று மட்டும் கணக்கிட்டிருந்தால் 79.75°, 10.63° என்ற விடை வந்திருக்கும். இது நாகப்பட்டினத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 18 கி.மீ. தள்ளிய இடம். கடற்கரை ஊர் உள்நாட்டுக்குப் போய்விட்டது! இத்தனைக்கும் படத்தின் சாய்வு வெறும் 4 பாகைதான். கண்ணுக்கு அது உறுத்தக்கூடச் செய்யாது.

மூன்று புள்ளிகள் ஏன் வேண்டும் என்பதும் இப்போது விளங்கியிருக்கும். இடப்பெயர்ச்சிக்கு இரண்டு எண்கள், கிழக்குத் திசைக்கு இரண்டு எண்கள், தெற்குத் திசைக்கு இரண்டு எண்கள், ஆக ஆறு எண்கள் தெரிய வேண்டும். ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் புள்ளியும் இரண்டு செய்திகளைத் தருகிறது. மூன்று புள்ளிகள் தந்தால் ஆறு ஆயிற்று. ஆனால் அம்மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கக் கூடாது. நான்காவதாக ஒரு புள்ளியையும் எடுத்து, கணக்கு தரும் விடை அதற்குப் பொருந்துகிறதா என்று சோதிப்பது நல்ல பழக்கம். பொருந்தாவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது என்று தெரிந்துவிடும். மூன்று புள்ளிகள் மட்டும் இருந்தால், அவற்றுள் ஒன்றைத் தவறாக அளந்திருந்தாலும் கணக்கு அமைதியாக ஒரு விடையைக் கொடுத்துவிடும்.

நிலப்படத்தின் வேர்

கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் பாகைகளை நாம் நிலப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். நிலப்படம் வரைந்தவருக்கு அவை எப்படிக் கிடைத்தன? இதற்கு விடை சென்னைக்கு அருகிலேயே இருக்கிறது. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்ற அளவையாளர் பரங்கிமலைக்கு அருகில் ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு மிகக் கவனமாக அளந்தார். அந்த ஒரு கோட்டின் நீளத்தையும், அதன் முனைகளிலிருந்து தொலைவிலுள்ள இடங்களைத் தியோடலைட் கருவியால் பார்த்து அளந்த கோணங்களையும் கொண்டு முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போனார்கள். இந்த மாபெரும் முக்கோண அளவைப் பணி தெற்கே குமரியிலிருந்து வடக்கே இமயம் வரை பரவியது. லாம்டனுக்குப் பின் 1823-இல் பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட்.

பூமி சரியான உருண்டை அன்று. துருவங்களில் சற்றே தட்டையானது. எவரெஸ்ட் 1830-இல் பூமியின் வடிவத்துக்கு ஓர் அளவைக் கணக்கிட்டார். இந்திய நில அளவைத் துறையின் பழைய நிலப்படங்கள் அந்த அடிப்படையில் வரையப்பட்டவை. இன்று கைப்பேசிகளிலுள்ள ஜி.பி.எஸ். வேறொரு பூமி வடிவத்தை அடிப்படையாகக் கொள்கிறது. அதனால் பழைய படத்தில் படித்த பாகையைக் கைப்பேசியில் இட்டுத் தேடிப் போனால் நூறு மீட்டருக்கும் மேல் விலகிப்போக நேரிடும். கணக்கில் பிழையில்லை, இரண்டும் அளக்கத் தொடங்கும் அடிப்படைதான் வேறு. 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வெளியிடப்படும் படங்கள் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் அடிப்படையிலேயே வரையப்படுகின்றன.

நீட்டப்பட்ட உலகம்

இதுவரை பாகைக் கோடுகள் சம இடைவெளியில் உள்ளன என்றே கொண்டோம். கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் நாம் அன்றாடம் பார்க்கும் பல உலகப் படங்களில் அப்படி இல்லை. அவை மெர்கேட்டர் முறையில் அமைந்தவை.

ஜெரார்டு மெர்கேட்டர் 1569-ஆம் ஆண்டில் மாலுமிகளுக்காக ஓர் உலகப் படம் வெளியிட்டார். திசைகாட்டியின் ஊசியோடு மாறாத ஒரே கோணத்தில் கப்பல் போனால், அந்த வழி படத்தில் நேர்க்கோடாகத் தெரிய வேண்டும் என்பது அவர் நோக்கம். இதற்கு என்ன செய்ய வேண்டும்? தீர்க்கரேகைக் கோடுகள் துருவத்தை நோக்கி நெருங்குகின்றன என்று கண்டோம். படத்தில் அவற்றை இணைகோடுகளாக வரைந்தால் கிழக்கு மேற்காக நிலம் நீட்டப்படுகிறது. 60° அட்சரேகையில் கொசைன் 0.5 ஆகையால் அங்கே நீட்சி இரண்டு மடங்கு. அகலம் மட்டும் நீண்டு உயரம் நீளாவிட்டால் கோணங்கள் கெட்டுவிடும். ஆகவே உயரத்தையும் அதே மடங்கு நீட்ட வேண்டும். அதாவது ஒவ்வொரு அட்சரேகையிலும் நீட்சி, கொசைனின் தலைகீழ் மதிப்பாக இருக்க வேண்டும்.

இதனால் துருவங்களை நெருங்கும் நாடுகள் படத்தில் ஊதிப் பெருக்கின்றன. ஆப்பிரிக்காவின் பரப்பு கிரீன்லாந்தைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு. ஆனால் இப்படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தோன்றும். துருவத்தில் கொசைன் சுழியாவதால் நீட்சி எண்ணிலி ஆகும். துருவத்தை இப்படத்தில் காட்டவே முடியாது. எனவே கணிப்பொறிப் படங்களை 85.05° அட்சரேகையில் வெட்டிவிடுகிறார்கள். அங்கே வெட்டினால் உலகப் படம் சரியான சதுரமாக அமையும் என்பதே காரணம்.

1024 புள்ளி அகலமும் 1024 புள்ளி உயரமும் உள்ள இத்தகைய உலகப் படத்தை எடுத்துக்கொள்வோம். பூமத்திய ரேகை நடுவில், மேலிருந்து 512 புள்ளித் தொலைவில் இருக்கும். தீர்க்கரேகைக்குப் பழைய கணக்கே போதும்: நிரலை 1024-ஆல் வகுத்து 360-ஆல் பெருக்கி, 180-ஐக் கழிக்க வேண்டும். அட்சரேகைக்குக் கணக்கு மாறுகிறது.

முதலில், ம = (512 – நிரை) ÷ 512 × 3.1416 என்று காண வேண்டும். அடுத்து, இயல் மடக்கையின் அடிமானமாகிய 2.718-இன் ‘ம’ அடுக்கைக் காண வேண்டும். அதை டான்ஜெண்டாகக் கொண்ட கோணத்தைக் கண்டு, இரண்டால் பெருக்கி, 90 பாகையைக் கழித்தால் கிடைப்பதே அட்சரேகை.

நிரல் 740, நிரை 474 என்ற புள்ளியின் நடுவை எடுத்துக்கொள்வோம். அரைப்புள்ளி கூட்டினால் 740.5, 474.5 ஆகும்.

தீர்க்கரேகை = 740.5 ÷ 1024 × 360 – 180 = 80.33°
ம = 37.5 ÷ 512 × 3.1416 = 0.230
2.718-இன் 0.230 அடுக்கு = 1.259
டான்ஜெண்ட் 1.259 ஆக உள்ள கோணம் = 51.53°
அட்சரேகை = 2 × 51.53 – 90 = 13.06°

மீண்டும் சென்னைக்கே வந்துவிட்டோம். இந்தப் படத்தில் ஒரு புள்ளி ஏறத்தாழ 39 கி.மீ. என்பதால் இதைவிடத் துல்லியம் எதிர்பார்க்க முடியாது.

இனி, மெர்கேட்டர் முறையை அறியாத ஒருவர் பழைய எளிய கணக்கையே போட்டால் என்ன ஆகும்? 512 புள்ளிக்கு 85.05 பாகை என்றால், 37.5 புள்ளிக்கு 6.23 பாகை. 6.23° வடக்கு, 80.33° கிழக்கு என்ற இடம் இலங்கையின் தென்கோடியில், காலி நகருக்கு அருகே இருக்கிறது. சென்னை 760 கி.மீ. தெற்கே நகர்ந்துவிட்டது!

வடக்கே போகப் போக வேறுபாடு இன்னும் பெரிதாகும். நடுக்கோட்டுக்கும் மேல் விளிம்புக்கும் சரிபாதியில் உள்ள கோட்டை, அதாவது மேலிருந்து 256 புள்ளித் தொலைவில் உள்ள கோட்டைப் பாருங்கள். எளிய கணக்குப்படி அது 42.5°, ஏறக்குறைய ரோம் நகரின் அட்சரேகை. சரியான கணக்குப்படி 66.5°, அது ஆர்க்டிக் வட்டம்! ஒலிவ மரம் வளரும் நாட்டுக்கும் நடுக்கோடையில் சூரியன் மறையாத நாட்டுக்கும் உள்ள வேறுபாடு.

அப்படியானால் தமிழ்நாட்டைக் காட்டும் நம் முதல் படம் மெர்கேட்டர் முறையில் இருந்திருந்தால் எவ்வளவு பிழை நேர்ந்திருக்கும்? 8°, 14° விளிம்புகளைச் சரியாகப் பொருத்தி, நடுவரிசையை எளிய கணக்கால் 11.000° என்று படித்தால், உண்மை விடை 11.015°. வேறுபாடு 1.7 கி.மீ. மட்டுமே. பெரிய வளைகோட்டின் ஒரு சிறு துண்டு நேர்க்கோடுபோல் தெரிவதுதான் இதற்குக் காரணம். எனவே சிறு நிலப்பரப்புக்கு எளிய கணக்கு பெரும்பாலும் போதும். உலகப் படத்துக்கு அது ஒருபோதும் போதாது. எந்தக் கணக்கு எதுவரை செல்லும் என்று அறிந்திருப்பதே அறிவியலில் முக்கியம்.

வானிலிருந்து எடுத்த படம்

பூமியோடு இணைந்து சுழலும் வானிலைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்திலிருந்து பூமி உருண்டையை நேரே பார்க்கின்றன. அவை எடுக்கும் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் குறிப்பிட்ட ஒரு கோணத்துக்கு உரியது. 2013-ஆம் ஆண்டு ஏவப்பட்ட இன்சாட்-3டி செயற்கைக்கோளின் வெப்ப அகச்சிவப்புப் படத்தில், கோளுக்கு நேர்கீழே ஒரு புள்ளி தரையில் 4 கி.மீ. அகலமுடையது. விளிம்பை நோக்கிப் போகப் போக உருண்டையின் வளைவால் அதே ஒரு புள்ளி மேலும் பரந்த நிலத்தைக் குறிக்கும். இதற்கான கணக்கில் பூமியின் ஆரமும் செயற்கைக்கோளின் உயரமும் அது நிற்கும் தீர்க்கரேகையும் வருகின்றன. நாம் பார்க்கும் படத்தில் கடற்கரைக் கோடு மெல்லியதாக வரையப்பட்டிருப்பது இக்கணக்கு முடிந்த பின்னரே. அந்தக் கோடும், படத்தில் தெரியும் உண்மையான கரையும் பொருந்தியிருந்தால் கணக்கு சரி என்று அறியலாம்.

இதே கணக்கு மீனவர்க்கும் உதவுகிறது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், கடல் மேற்பரப்பின் வெப்பநிலையையும் நீரிலுள்ள பச்சையத்தையும் காட்டும் செயற்கைக்கோள் படங்களிலிருந்து மீன் கூடக்கூடிய இடங்களைக் கண்டறிகிறது. அவ்விடங்களின் புள்ளி எண்கள் அட்சரேகை, தீர்க்கரேகைகளாக மாற்றப்பட்டு, மீன் இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில், எத்தனை ஆழத்தில் என்ற செய்தியாக மீனவர்களைச் சேர்கின்றன. படகிலுள்ளவர் அந்தப் பாகைகளை ஜி.பி.எஸ். கருவியில் இட்டுப் படகைச் செலுத்துகிறார். கால் பாகை தவறினால் 28 கி.மீ. தவறுகிறது, டீசலும் ஒரு நாள் உழைப்பும் வீணாகின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி நிலப்படப் புத்தகத்தில் தமிழ்நாட்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி ஊடுருவும் தாளில் மில்லிமீட்டர் கட்டங்கள் வரைந்து, வேண்டுமென்றே சற்றுச் சாய்வாக அப்படத்தின்மேல் வையுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி. பாகைக் கோடுகள் வெட்டும் மூன்று இடங்களின் நிரல், நிரை எண்களைக் குறித்துக்கொண்டு ஒருங்கமை சமன்பாடுகளை அமையுங்கள். பிறகு உங்கள் ஊரின் நிரல், நிரை எண்களைப் படித்து, அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கணக்கிடுங்கள். கைப்பேசி காட்டும் எண்களோடு ஒப்பிட்டு, எத்தனை கிலோமீட்டர் வேறுபடுகிறது என்று பாருங்கள். வேறுபாடு ஒரு கட்டத்தின் அளவுக்குள் இருந்தால் உங்கள் வேலை செம்மையானது. புத்தகத்தின் தாள் நடுவில் வளைந்திருந்தால் விடை கெடும். ஆகவே தாளை நன்கு அழுத்தித் தட்டையாக்கிக்கொள்ளுங்கள்.

சில வினாக்கள்

1. நம் முதல் தமிழ்நாட்டுப் படத்தில் நிரல் 140, நிரை 518 என்ற புள்ளி எந்த ஊர்?

2. திருச்சிராப்பள்ளி 10.80° வடக்கு, 78.69° கிழக்கு. அதே படத்தில் அதன் நிரலும் நிரையும் யாவை?

3. 1024 புள்ளி மெர்கேட்டர் உலகப் படத்தில், மேலிருந்து 384 புள்ளித் தொலைவில் உள்ள கோட்டின் அட்சரேகை என்ன? எளிய கணக்கு தரும் தவறான விடை என்ன?

விடைகள்: (1) 76.70° கிழக்கு, 11.41° வடக்கு, உதகமண்டலம். (2) நிரல் 538, நிரை 640. (3) சரியான விடை 41.0° வடக்கு, எளிய கணக்கு தருவது 21.3°.